குளிர்கடலில் உலோகம் தேடப் போகிறீர்களா? வேடர்ஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் உலோக டிடெக்டர் பிடித்து நடப்பவர்களுக்கு வேடர்ஸ், அதாவது தண்ணீரில் இறங்கும்போது மாட்டிக்கொள்ளும் நீர் புகாத நீண்ட உடுப்பு, தேவைப்படுவதே இல்லை. தஞ்சோங் பூங்காவிலோ பத்து பிரிங்கியிலோ விடியற்காலையில் கடல் வற்றும் நேரம் பார்த்து இடுப்பளவு இறங்கினாலும் தண்ணீர் 29, 30 டிகிரி இருக்கும். ஓர் அரைக்கால் சட்டையும் பழைய கேன்வாஸ் காலணியும் போதும். குளிர்ந்த கடல் எப்படி இருக்கும் என்று நம் உடம்புக்கு அனுபவமே கிடையாது. மகளின் பட்டமளிப்புக்கு இங்கிலாந்து போகிறவர், அண்ணனைப் பார்க்க ஜூலையில் மெல்பர்ன் போகிறவர், மெஷினையும் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது அந்தக் குறை தெரிய ஆரம்பிக்கும்.

குளிர்காலத்தில் தேடப் போவதில் அர்த்தம் இருக்கிறது. கோடையில் குளித்தவர்கள் தவறவிட்ட மோதிரமும் காசும் மணலுக்கடியில் இறங்கிவிடும். குளிர்காலப் புயல் வந்து மேல்மணலை வாரிக்கொண்டு போனால், எட்டாத ஆழத்தில் கிடந்தவை டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டமான காயிலுக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். ஆனால் அந்த நேரத்துக் கடலுக்கு ஏற்ற உடுப்பு வேண்டும். அதை வாங்குவதில்தான் நம்மவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள்.

சென்ற வருடம் ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணே, டிசம்பர்ல லண்டன் போறேன். ஆன்லைன்ல நூத்திருபது ரிங்கிட்டுக்கு ஒரு வேடர்ஸ் பாத்தேன், நெஞ்சு வரைக்கும் வருது, வாங்கிடவா?" அவன் அனுப்பிய படத்தில் இருந்தது மெல்லிய பிவிசி வேடர்ஸ். நிபோங் திபால் பக்கம் இறால் குளத்தில் இறங்குகிறவர்கள் போடும் அதே ரகம். குளத்து வேலைக்கு அது நல்ல சாமான். ஆனால் அது தண்ணீரைத்தான் தடுக்கும், குளிரைத் தடுக்காது. இந்த வேறுபாடு தெரியாமல் வாங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து பிறப்பவை.

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். கால் நனையவில்லை என்பதால் அது நின்றுவிடாது. மெல்லிய பிவிசிக்கு வெளியே 9 டிகிரித் தண்ணீர் இருந்தால் உள்ளே இருக்கும் தோலும் கொஞ்ச நேரத்தில் அதை நோக்கித்தான் போகும். இன்னொன்றும் உண்டு. கடல்நீர் உடுப்பை நாலாபக்கமும் அழுத்திக் காலோடு ஒட்டவைக்கும். சூட்டைப் பிடித்து வைப்பதே துணிக்குள் இருக்கும் காற்றுதான். அந்தக் காற்று நசுங்கி வெளியேறிவிடும்.

நியோப்ரீன் வேடர்ஸ் வேறு மாதிரி. அது உள்ளுக்குள் லட்சக்கணக்கான மூடிய வாயுக் குமிழிகள் கொண்ட ரப்பர் நுரை. முட்டளவு, இடுப்பளவு நீரின் அழுத்தத்துக்கு அந்தக் குமிழிகள் நசுங்காது, சூடு உள்ளேயே தங்கும். 3.5 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் என்று தடிமன் போட்டிருப்பார்கள். மூன்றாவது ரகம், 'பிரீத்தபிள்' என்று விற்கும் மூச்சுவிடும் துணி. வியர்வை ஆவியை வெளியே விட்டு, தண்ணீரை உள்ளே விடாத சவ்வு அதில் இருக்கும். லேசானது, பெட்டியில் மடக்கி வைக்கலாம். ஆனால் அதற்கென்று சொந்தச் சூடு கிடையாது. உள்ளே என்ன போடுகிறோமோ அதுதான் சூடு.

எது வாங்கலாம்? தூண்டில்காரர்களுக்குச் சொல்லும் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் வேலையில் பத்து நிமிடம் மெதுவாக நகர்கிறோம், ஒரு சத்தம் கேட்டதும் மணல் அள்ளும் ஸ்கூப்பைக் குத்தி, மிதித்து, ஈரமணலோடு தூக்குகிறோம். அதில் வியர்க்கும். அப்புறம் மறுபடி மெதுவாக நடக்கும்போது அந்த வியர்வையே குளிரும். ஆகவே வாகனத்திலிருந்து இறங்கி நேரே தண்ணீருக்குள் போய் ஒரு மணி நேரம் நிற்கப்போகிறீர்கள், கடலும் 10 டிகிரிக்குக் கீழே இருக்கிறது என்றால் 5 மில்லிமீட்டர் நியோப்ரீன். மணலில் இரண்டு கிலோமீட்டர் நடந்து, இடையிடையே இறங்கித் தேடுவது என்றால் மூச்சுவிடும் துணியும் அதற்குள் நல்ல தடிமனான ஃப்ளீஸ் கால்சட்டையும். விமானத்தில் போகிற நமக்கு எடைக் கணக்கும் இருக்கிறது, நியோப்ரீன் காயவும் நாளெடுக்கும். இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் மூச்சுவிடும் துணியைத்தான் எடுத்துப் போவேன்.

உள்ளே பருத்தி கூடவே கூடாது. பிறந்ததிலிருந்து பருத்திப் பனியனும் பருத்திக் காலுறையும் போட்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் மனதில் ஏறாது. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், காயாது, ஈரத்தைத் தோலோடு ஒட்டிவைக்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். பாலியெஸ்டர் ஃப்ளீஸ் சீக்கிரம் காயும்.

இப்போது அளவுக்கு வருகிறேன். இதில் எனக்கே அடிபட்டது. ஒரு பிப்ரவரியில் இங்கிலாந்தின் தெற்குக் கரைக்குப் போனேன். அங்கே கடல் மிகக் குளிர்வது டிசம்பரில் அல்ல, பிப்ரவரி, மார்ச்சில்தான். வேடர்ஸை இங்கே வீட்டு வரவேற்பறையில், மின்விசிறிக்குக் கீழே, அரைக்கால் சட்டையோடு போட்டுப் பார்த்து, கச்சிதமாக இருக்கிறது என்று மகிழ்ந்து எடுத்துப் போயிருந்தேன். அங்கே தெர்மல், ஃப்ளீஸ், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை எல்லாம் போட்டபிறகு பூட்ஸுக்குள் பாதம் திணறியது. தண்ணீரில் இறங்கி இருபது நிமிடத்தில் கால்விரல்கள் மரத்துவிட்டன. என்னோடு வந்திருந்த, என்னைவிட மெல்லிய காலுறை போட்டிருந்த அண்ணன் நன்றாகத்தான் இருந்தார். அவர் பூட்ஸில் விரலை மடக்கி நீட்ட இடம் இருந்தது. இறுக்கமான பூட்ஸ் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், காலுறைக்குள் இருக்கும் காற்றையும் நசுக்கிவிடும். குளிருக்குப் பயந்து நான் போட்ட இரண்டாவது காலுறைதான் என் காலைக் குளிரவைத்தது.

அதனால், என்னென்ன உள்ளே போடப் போகிறீர்களோ அத்தனையும் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். பினாங்கு வெயிலில் வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை. போட்டபிறகு குந்தி உட்காருங்கள். ஒரு முழங்காலை ஸ்கூப் மிதிக்கிற உயரத்துக்குத் தூக்குங்கள். குனிந்து தரையைத் தொடுங்கள். கவட்டுத் தையல் இழுத்தால் அந்த அளவு வேண்டாம். ஒரு நாளில் நூறு தடவை குனிகிறவர்களுக்கு முதலில் விட்டுப்போவது அந்தத் தையல்தான். கால் நீளம் மிஞ்சி, கணுக்காலில் மடிப்பு மடிப்பாக விழுந்தாலும் கெடுதல்தான். மடிப்பில் மணல் தேய்த்து ஓட்டை போடும். பூட்ஸ் ஓர் எண் பெரிதாக இருக்கட்டும். எண் போடும் முறையையும் பாருங்கள். இங்கே நாம் சொல்லும் 8 பிரிட்டிஷ் கணக்கு. அமெரிக்கக் கணக்கில் ஆண்களுக்கு அது சுமார் 9, ஐரோப்பியக் கணக்கில் சுமார் 42. ஆன்லைனில் இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

ஆழம் குறைவுதானே, தொடைவரை வரும் வேடர்ஸ் போதாதா என்று கேட்பார்கள். போதாது. முட்டளவு நீரில் நிற்கும்போது ஓர் அலை வந்தால் அது இடுப்பளவு. கீழே கிடக்கும் ஸ்கூப்பை எடுக்கக் குனிந்தால் உங்கள் நெஞ்சே தண்ணீருக்கு அருகில் வந்துவிடும். நெஞ்சுவரை வருவதை வாங்குங்கள், ஆனால் இடுப்புக்கு மேல் தண்ணீரில் போகாதீர்கள். மீதி உயரம் அலைக்காக.

பாதத்தில் இரண்டு வகை. பூட்ஸ் ஒட்டியே வருவது ஒன்று. நியோப்ரீன் காலுறையில் முடிந்து, தனிப் பூட்ஸ் மாட்டிக்கொள்வது இன்னொன்று. கல் நிறைந்த ஆற்றில் இரண்டாவது நல்லது, கணுக்காலைப் பிடித்து நிறுத்தும். மணல் கடற்கரையில் பூட்ஸுக்கும் காலுறைக்கும் இடையே மணல் புகுந்து உரசிக்கொண்டே இருக்கும். அங்கே ஒட்டிய பூட்ஸ் நிம்மதி, சூடும் அதிகம். அடிப்பாகம் மட்டும் கெட்டியாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். ஸ்கூப்பின் இரும்பு விளிம்பை அந்தக் காலால்தான் மிதிக்கப் போகிறோம்.

டிடெக்டர்காரர்களுக்கே உரிய ஒரு தவறு இங்கே இருக்கிறது. சில பூட்ஸில் விரல்முனையில் இரும்புக் கவசம் இருக்கும், சிலவற்றில் அடிப்பாகத்துக்குள் இரும்புப் பட்டை இருக்கும், வழுக்காமல் இருக்க உலோக ஆணி பதித்தவையும் உண்டு. காயில் பாதத்துக்கு அருகில் வரும் ஒவ்வொரு தடவையும் மெஷின் கத்தும். காசு தேடப் போய் சொந்தப் பூட்ஸையே திரும்பத் திரும்பக் கண்டுபிடிப்பீர்கள். பூட்ஸ் வீட்டுக்கு வந்ததும் டிடெக்டரைப் போட்டு, காயிலுக்கு முன்னால் பூட்ஸை அசைத்துப் பாருங்கள். சத்தம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கம்பளத் துணி மாதிரி அடிப்பாகம் உள்ள பூட்ஸை நியூசிலாந்துக்குக் கொண்டு போக வேண்டாம். ஆற்றுப் பாசியை ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் பரப்புகிறது என்பதால் 2008இல் நன்னீரில் தூண்டில் போடுகிறவர்களுக்கு அங்கே அதைத் தடை செய்தார்கள். பனியிலும் அது சரிவராது, அடியில் பனி கட்டிபிடித்துக்கொள்ளும்.

இடுப்புப் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. வேடர்ஸோடு வரும் பட்டையைப் பலர் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதை வேடர்ஸுக்கு வெளியே, விலா எலும்புக்குக் கீழே, இறுக்கிக் கட்ட வேண்டும். விழுந்தால் தண்ணீர் கால்வரை பாய்ந்து நிரம்புவதை அது பெருமளவு தடுக்கும். வேடர்ஸில் தண்ணீர் நிரம்பினால் கல்லைக் கட்டின மாதிரி அடியில் இழுத்துவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது. அது சரியல்ல. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது. ஆபத்து எழுந்து கரையேறும்போதுதான், அப்போது அத்தனை நீரையும் காலில் சுமக்க வேண்டும். அதற்கு முன்னால் வருவது குளிர் அதிர்ச்சி. 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தன்னையறியாமல் மூச்சை இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டன், அயர்லாந்து கடலின் ஆண்டுச் சராசரியே சுமார் 12 டிகிரிதான். குளிர்காலத்தில் அதையும்விடக் கீழே.

அங்கே கடல் மீட்புப் பணி செய்யும் ஆர்என்எல்ஐ சொல்லும் வழி, உடனே நீந்தப் பார்க்காதீர்கள், முதலில் மிதந்து கிடங்கள் என்பது. மல்லாந்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, காது நனைந்தாலும் பரவாயில்லை என்று கிடக்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிடத்தில் மூச்சு கட்டுக்குள் வரும். அதற்கப்புறம் கரையைப் பார்க்கலாம். வேடர்ஸ் போட்டிருப்பவர் முழங்காலை மடக்கிக்கொண்டால் உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்றும் மிதக்க உதவும்.

காதில் ஹெட்போன், கண் தரையில், முதுகு கடலுக்கு. நாம் தேடும்போது இருக்கும் நிலை இதுதான், அலைக்கு இதைவிட வசதி இல்லை. பக்கவாட்டில் நின்று கடலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே தேடப் பழகுங்கள். ஏற்றவற்றமும் நம் ஊர் மாதிரி இல்லை. பினாங்கில் பெரிய ஏற்றமே சுமார் 2 மீட்டர்தான். பிரிஸ்டல் கால்வாயில் 12 மீட்டரையும் தாண்டும். மணல்திட்டில் தேடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் தண்ணீர் சுற்றிக்கொள்ளும். தனியாகப் போகாதீர்கள்.

கையுறை வாங்க மறப்பவர்களும் உண்டு. ஸ்கூப்பில் வந்ததைக் கிளறுவது விரல்தானே. நியோப்ரீன் கையுறை, மணிக்கட்டுக்கு மேலே வருவது வேண்டும்.

பராமரிப்பில் நம் ஊர் ஈரப்பதம்தான் எதிரி. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் அலசி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். துணி வேடர்ஸுக்குள் இருட்டறையில் டார்ச் விட்டுப் பார்த்தால் ஊசித்துளை இருக்கும் இடத்தில் வெளிச்சம் தெரியும். ஸ்கூப் பற்கள் உரசிய முழங்கால், கெண்டைக்கால் பகுதியை முதலில் பாருங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் பழைய வேடர்ஸை மண் ஒரு பொட்டுகூட இல்லாமல் கழுவிக் காயவைத்து, வருகை அறிவிப்பில் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். அங்கே உயிரியல் பாதுகாப்புச் சோதனை கடுமை.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால், அலையில்லாத ஒரு காலையில், தஞ்சோங் பூங்காவில் முழு உடுப்போடு இடுப்பளவு இறங்குங்கள். ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். பட்டையை இறுக்கிக்கொண்டு, வேண்டுமென்றே மல்லாந்து விழுந்து, மிதந்து, எழுந்து கரையேறிப் பாருங்கள். அந்தத் தம்பியை அப்படித்தான் செய்யவைத்தேன். மூன்றாவது தடவைதான் பதறாமல் எழுந்தான். இடது பூட்ஸ் சேரும் இடத்தில் தண்ணீர் கசிவதும் அன்றைக்கே தெரிந்தது. கடையில் கொடுத்து வேறு மாற்றிக்கொள்ள அவனுக்குப் பத்து நாள் மிச்சம் இருந்தது.