பழைய சிஆர்-வி-யில் கைவைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டறைக்குப் புதிதாக வருகிற பையன்கள் ஹோண்டா சிஆர்-வி என்ற பெயரைப் பார்த்ததும் எல்லாம் ஒரே வண்டி என்று நினைத்துவிடுகிறார்கள். நாங்களும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தோம். 1995-இல் வந்த முதல் வண்டிக்கும் 2022-இல் வந்த ஆறாம் தலைமுறைக்கும் பெயரைத் தவிரப் பொதுவாக ஒன்றும் பெரிதாக இல்லை. ஜாக்கி எங்கே வைப்பது, போல்ட்டை எவ்வளவு முடுக்குவது என்பதெல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். நான் அதற்குள் போகவில்லை.

பின் டிஃபரன்ஷியலில் சாதா கியர் ஆயில்

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. முதல் மூன்று தலைமுறைகளின் நான்கு சக்கர இழுவை வண்டிகளில், பின் டிஃபரன்ஷியலோடு (பின்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) இரண்டு பம்புகள் இருக்கும். ஒன்று முன்சக்கர வேகத்தில் சுற்றும், மற்றது பின்சக்கர வேகத்தில். முன்சக்கரம் வழுக்கினால் வேகம் மாறுபட்டு ஆயில் அழுத்தம் ஏறும். அது கிளட்ச் தட்டுகளை நெருக்கிப் பின்சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும். அந்தத் தட்டுகள் ஊறுவதும் இதே ஆயிலில்தான். அதனால்தான் டூயல் பம்ப் ஃப்ளூயிட் என்று தனியாக விற்கிறார்கள்.

சாதா கியர் ஆயிலை ஊற்றினால் தட்டுகள் வழுவழுப்பாகப் பிடிக்காது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது பின்னாலிருந்து முனகல் கேட்கும், வண்டி உதறும்.

ஒருவர் இதே சத்தத்தோடு வந்தார். வேறு பட்டறையில் டிஃபரன்ஷியலையே மாற்றி, புதிதாகப் போட்டதிலும் அதே கியர் ஆயிலை ஊற்றி அனுப்பியிருந்தார்கள்! வடித்து, சரியான ஃப்ளூயிட் ஊற்றி, எட்டு போட்டு ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றினோம். சத்தம் நின்றது. டிஃபரன்ஷியலுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

ஃப்ளூயிட் பழசானாலும் இதே முனகல் வரும். முதலில் நிரப்பும் திருகைக் கழற்றுங்கள், பிறகுதான் வடிப்பது. மேல் திருகு இறுகி அசையாவிட்டால், வடித்த பிறகு ஊற்ற வழியில்லை.

ஆர்சி ஆண்டைச் சொல்லிப் பாகம் வாங்குவது

மூன்றாம் தலைமுறை 2006 கடைசியில் வந்தது. 2007-இல் பதிவான வண்டி பழைய மாடலாகவும் இருக்கலாம். ஸ்டெப்னி பின்கதவில் தொங்கினால் இரண்டாம் தலைமுறை அல்லது அதற்கு முந்தையது; ஸ்டெப்னி அடியில் போயிருந்து, கதவு மேல்நோக்கித் திறந்தால் மூன்றாவது அல்லது அதற்குப் பிந்தையது. சேஸி எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

"எல்லாம் செயின்தானே"

இல்லை. எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் இணைப்பு, முதல் தலைமுறையில் செயின் அல்ல, டைமிங் பெல்ட் என்கிற ரப்பர் பட்டை.

முன்சக்கரத்தை மட்டும் தூக்கி இழுப்பது

நின்றுபோன வண்டி நான்கு சக்கர இழுவையா? ஃப்ளாட்பெட்தான், அதாவது வண்டியை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் தட்டை லாரி.

1.5 டர்போவில் ஆயில் அளவு ஏறுவது

ஐந்தாம் தலைமுறையில், குளிரில் குட்டிக் குட்டிப் பயணமாக ஓடும் வண்டிகளில் எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் கலப்பது உண்டு. அளவு கூடியிருந்தால் சந்தோஷப்படாமல் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) மோந்து பாருங்கள்.