வீட்டில் எலுமிச்சை வளர்ப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

எலுமிச்சை வைத்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, நன்றாக இருந்த கன்று திடீரென்று பட்டுப்போனது. மற்றொன்று, செடி புதர்போல மண்டியும் பூ மட்டும் வரவில்லை. இரண்டிலும் நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரைத்தான். எலுமிச்சைக்கு ஈரம் வேண்டும், சேறு ஆகவே ஆகாது.

1. கன்று வாங்குதல்

விதையிலிருந்து முளைத்த கன்று காய்க்க நாலைந்து வருடமாவது ஆகும். பதியன் (கிளையை மண்ணில் பதித்து வேர்விட வைத்தது) அல்லது ஒட்டுக் கன்று (வேறொரு அடிச்செடியின் மேல் நல்ல ரகத்தை ஒட்டி வளர்த்தது) என்றால் இரண்டு மூன்று வருடத்தில் காய் பார்க்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 நம்ம ஊர் வெயிலுக்கு ஒத்துவரும் ரகம், நர்சரியில் கேட்டுப் பாருங்கள்.

2. நடுதல்

நாள் முழுக்க இல்லாவிட்டாலும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் படும் இடம் வேண்டும். தரையில் என்றால் இரண்டரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, இரண்டு வாரம் ஆறவிட்டு, மேல்மண்ணோடு மட்கிய தொழு உரமும் ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். களிமண்ணாக இருந்தால் மணல் சேர்க்க வேண்டும். மாடியில் வைப்பவர்கள் 18 அங்குலத்துக்குக் குறையாத தொட்டி எடுங்கள், அடியில் ஓட்டை அவசியம்.

ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நிற்கட்டும். அதற்குக் கீழே தளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள். அது அடிச்செடியின் தளிர், விட்டால் அதுவே ஒட்டை அமுக்கி வளர்ந்துவிடும்.

3. தண்ணீர்

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். ஊற்றும்போது வேர் ஆழம் வரை நனையும்படி ஊற்றி, அப்புறம் விட்டுவிட வேண்டும். தினமும் ஒரு சொம்பு தெளிப்பதால் மேல்மண்தான் நனையும்.

தரைச் செடிக்கு வட்டப்பாத்தி கட்டும்போது தண்டைச் சுற்றி மட்டும் மண்ணைக் கொஞ்சம் மேடாக அணையுங்கள். தண்டில் தண்ணீர் தேங்கினால் பட்டை அழுகி, பிசின் வடிந்து, மரமே போய்விடும். மழைக்காலத்தில் பாத்தியை ஒரு பக்கம் வெட்டிவிட்டு நீரை வடியவிடுங்கள்.

வளர்ந்த மரம் பூக்காமல் நின்றால், சில வாரம் பாய்ச்சலைக் குறைத்து இலை லேசாக வாடும்வரை விடுங்கள். பிறகு எரு வைத்து நன்றாகத் தண்ணீர் காட்டினால் தளிரோடு மொட்டும் வரும். இளங்கன்றுக்கு இதைச் செய்யாதீர்கள்.

4. உரம்

தரை மரத்துக்குப் பங்குனியிலும் ஐப்பசியிலும் தொழு உரம். தொட்டிக்கு மாதம் ஒரு கை மண்புழு உரம். தண்டை ஒட்டிப் போடாமல் தள்ளிப் போடுங்கள்.

5. புழுவும் நோயும்

தளிர் இலையில் காக்கை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். அநேகமாக அது வண்ணத்துப்பூச்சியின் புழு. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு ஒன்றை நீட்டும், ஒரு வாடையும் அடிக்கும். பயப்பட வேண்டாம், கடிக்காது. வளர்ந்ததும் பச்சை நிறமாகி இலையோடு இலையாக மறைந்துகொள்ளும். சின்னக் கன்றில் நாலைந்து புழு இருந்தால் தளிர் மிஞ்சாது, ஆகவே காலையில் கையால் பொறுக்குவதே போதும். மருந்து தேவையில்லை.

இலைக்குள் வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து ஓடினால் அது இலைத்துளைப்பான். லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து தளிர் விடும் சமயத்தில் மாலையில் தெளியுங்கள். இலையிலும் காயிலும் மஞ்சள் வளையத்தோடு சொரசொரப்பான பழுப்புப் புள்ளி இருந்தால் சொறி நோய். அந்தக் கிளையை வெட்டி எரித்துவிட்டு, லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளிக்கலாம்.

6. கவாத்தும் (கிளை வெட்டுதல்) அறுவடையும்

தரையிலிருந்து ஒன்றரை அடி வரை தண்டில் கிளை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த குச்சி, உள்நோக்கி வளரும் கிளை இரண்டையும் எடுத்துவிடலாம். பூத்த ஐந்தாறு மாதத்தில் காய் தயாராகும். கரும்பச்சை மாறி மினுமினுப்போடு லேசாக மஞ்சள் ஓடும்போது, பிடித்து இழுக்காமல், கத்தரிக்கோலால் காம்போடு நறுக்கி எடுங்கள். இழுத்தால் காம்படியில் தோல் கிழிந்து, ஊறுகாய்க்கு வைக்கும் முன்பே அழுகிவிடும்.