ஞானிகளின் ஞானம் கெட்டுப்போவது ஏன்? ஏசாயா 29ஆம் அதிகாரத்தைப் படிப்படியாக வாசிக்கும் முறை

ஏசாயா 29:14-ஐத் தனி வசனமாகக் கேட்கும் ஒருவர், ஞானிகளின் ஞானத்தைக் கெடுக்கும் கர்த்தர் அறிவையும் கல்வியையும் வெறுக்கிறார் என்று எண்ணிவிடக்கூடும். அந்த எண்ணம் தவறானது என்பதை அதே அதிகாரமே காட்டுகிறது. அதை வாசிக்கும் ஒழுங்கு மட்டும் நமக்குத் தெரிய வேண்டும்.

முதல் படியாக, அதிகாரத்தின் 24 வசனங்களையும் ஒரே மூச்சில் வாசித்து, யாரை நோக்கி இது பேசப்படுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘அரியேல்’ என்று அழைக்கப்படுவது, தாவீதின் நகரமாகிய எருசலேம். பண்டிகைகளைத் தவறாமல் ஆசரித்துவந்த சொந்த ஜனத்தின்மேல்தான் இந்த நியாயத்தீர்ப்பு வருகிறது.

அடுத்து, காலத்தை அறிந்துகொள்ளுங்கள். கி.மு. 722-ஐ ஒட்டி வட இஸ்ரவேலின் தலைநகரமாகிய சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது, கி.மு. 701-இல், எசேக்கியா ராஜாவின் நாட்களில், அசீரிய ராஜாவாகிய சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்து வந்தான். 2 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்களை வாசித்தால் பின்னணிக்கு அது போதும்.

மூன்றாம் படியில் நிதானமாக நில்லுங்கள். இந்தத் தீர்க்கதரிசனத்தின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கெட்டுப்போகும் என்று சொல்லப்பட்ட ஞானம் எது? 15ஆம் வசனம், தங்கள் ஆலோசனையைக் கர்த்தருக்கு மறைத்து, இருளில் காரியங்களை நடத்தி, ‘நம்மைக் காண்கிறவர் யார்?’ என்கிறவர்களைச் சுட்டுகிறது. 30:1-2, 31:1 ஆகியவற்றைச் சேர்த்து வாசித்தால் அந்த ஆலோசனை இன்னதென்று தெளிவாகும்: கர்த்தரிடம் விசாரியாமலே எகிப்தின் குதிரைகளையும் இரதங்களையும் நம்பித் துணை தேடியதுதான் அது. உலகக் கணக்கில் அது மதியீனமான திட்டமன்று. ஆனால் களிமண் தன் குயவனைப் பார்த்து ‘உனக்குப் புத்தியில்லை’ என்று சொல்வதற்கு அது ஒப்பாகும் என்று 16ஆம் வசனம் உரைக்கிறது. பின்னர் எருசலேமின் அலங்கத்துக்கு வெளியே நின்ற அசீரிய அதிகாரியே, எகிப்து ஊன்றுகிறவனின் கையில் குத்தி ஊடுருவும் நெரிந்த நாணற்கோல் என்று சொன்னதை 36:6-இல் காணலாம்.

இனி, தீர்ப்பு எந்த வடிவில் வருகிறது என்று 10 முதல் 13 வரையுள்ள வசனங்களில் பாருங்கள். முத்திரையிடப்பட்ட புத்தகம் ஒன்றை வாசிக்கத் தெரிந்தவனிடம் கொடுக்கிறார்கள். அது முத்திரையிடப்பட்டிருக்கிறது என்கிறான். தெரியாதவனிடம் கொடுக்கிறார்கள்; எனக்கு வாசிக்கத் தெரியாது என்கிறான். கற்றவனும் கல்லாதவனும் அந்தப் புத்தகத்தின் முன் ஒரே நிலையில் நிற்கிறார்கள். எருசலேமைச் சூழும் முற்றுகையைக் காட்டிலும் அஞ்சத்தக்க தண்டனை இது: தேவன் பேசியும் விளங்கிக்கொள்ள முடியாமற்போவது. காரணம் 13ஆம் வசனத்தில் இருக்கிறது. உதடுகள் கனம்பண்ணுகின்றன, இருதயமோ தூரமாய் விலகியிருக்கிறது. இயேசு பரிசேயரைக் கண்டித்தபோது எடுத்துரைத்ததும் இந்த வசனத்தையே (மத்தேயு 15:8, மாற்கு 7:6).

பலர் இவ்விடத்தில் வேதாகமத்தை மூடிவிடுகிறார்கள், தயவுசெய்து நிறுத்தாதீர்கள். 18ஆம் வசனத்தில் செவிடர் புத்தகத்தின் வார்த்தைகளைக் கேட்கிறார்கள், குருடர் பார்க்கிறார்கள். 24ஆம் வசனத்தில் வழுவிப்போனவர்கள் புத்தியடைகிறார்கள், முறுமுறுத்தவர்கள் உபதேசம் கற்றுக்கொள்ளுகிறார்கள். பெருமைகொண்ட ஞானத்தை அகற்றியவரே மெய்யான அறிவைத் திரும்பக் கொடுக்கிறார்.

இவ்வளவும் ஆனபின் 1 கொரிந்தியர் 1:18-25-க்குச் செல்லுங்கள். அங்கே 19ஆம் வசனத்தில் பவுல் ஏசாயாவின் இந்த வாக்கை எடுத்துக்காட்டி, ஞானத்தைத் தேடிய கிரேக்கருக்கும் அடையாளத்தைக் கேட்ட யூதருக்கும் சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவையே பிரசங்கிக்கிறோம் என்கிறார். 24ஆம் வசனத்தில் அந்தக் கிறிஸ்துவையே தேவஞானம் என்றும் அழைக்கிறார்.