கேரம்: போட்டி விதிப்படி ஆடுவதும் புள்ளி போடுவதும்

வெள்ளைக்கு 20, கருப்புக்கு 10, ரெட்டுக்கு (சிவப்புக் காய்க்கு) 50 என்று வீட்டில் கணக்குப் போட்டு ஆடிப் பழகியவர்கள், முதன்முறை போட்டிக்குப் போகும்போது தடுமாறுவது புள்ளியில்தான். 1988-இல் சென்னையில் தொடங்கப்பட்ட பன்னாட்டு கேரம் சம்மேளனத்தின் விதிப்படி, நாம் குழியில் போட்ட காய்களுக்குப் புள்ளி கிடையாது. எதிராளி போடாமல் விட்ட காய்களுக்கே புள்ளி.

ரெட்டை நடுவில் வைத்து, அதைச் சுற்றி ஆறு காய்களையும் அதற்கு வெளியே பன்னிரண்டு காய்களையும் அடுக்க வேண்டும். முதலில் அடிப்பவருக்கு வெள்ளை, மற்றவருக்குக் கருப்பு, ஆளுக்கு ஒன்பது காய்கள். அடிக்கும் பெரிய வட்டான ஸ்டிரைக்கரை வைக்கும்போது, அது தன் பக்கத்து இரண்டு கோடுகளையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கோட்டின் முனையிலுள்ள சிவப்பு வட்டத்தில் வைப்பதானால் வட்டத்தை முழுவதும் மூட வேண்டும், பாதி மூடி வைப்பது தவறு. விரலால் சுண்டுவதே அடி; தள்ளுவது அடியாகாது.

தன் காயைப் போட்டவர் தொடர்ந்து அடிக்கலாம். ஸ்டிரைக்கர் மட்டும் குழியில் விழுந்தால் அடிக்கும் முறை போவதோடு, ஏற்கெனவே போட்ட காய்களில் ஒன்றும் அபராதமாகப் பலகைக்குத் திரும்பும்.

ரெட்டைப் போடுவதற்கு முன் தன் காய் ஒன்றையாவது போட்டிருக்க வேண்டும். ரெட் விழுந்தால், அதே அடியிலோ அடுத்த அடியிலோ தன் காய் ஒன்றைப் போட்டு அதற்கு ஃபாலோ கொடுக்க வேண்டும்; தவறினால் ரெட் மீண்டும் நடுவுக்கு வந்துவிடும். ரெட் பலகையில் இருக்கும்போதே தன் கடைசிக் காயைப் போட்டுவிட்டால் அந்தச் சுற்றே தோல்வி. ஆகவே கைவசம் இரண்டு மூன்று எளிய காய்கள் இருக்கும்போதே ரெட்டுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

தன் ஒன்பது காய்களையும் முதலில் முடிப்பவரே அந்தச் சுற்றை வென்றவர். எதிராளியின் காய்கள் பலகையில் எத்தனை மிச்சமோ, வென்றவருக்கு அத்தனை புள்ளி. ரெட்டையும் அவரே போட்டு ஃபாலோ கொடுத்திருந்தால் கூடுதலாக 3. ஐந்து கருப்பு மிச்சமிருக்க, ரெட்டும் வெள்ளைக் காய் ஆடி வென்றவரிடம் இருந்தால் 5 + 3, அதாவது 8 புள்ளி. தோற்றவர் ரெட்டை எடுத்திருந்தால் அந்த 3 புள்ளி யாருக்கும் இல்லை. ஒரு சுற்றில் அதிகபட்சமாக 12 புள்ளிதான் எடுக்க முடியும்.

25 புள்ளியை முதலில் எட்டியவர், அல்லது எட்டுச் சுற்றுகள் முடிந்தபின் முன்னிலையில் இருப்பவர், ஆட்டத்தை வெல்வார். மூன்றில் இரண்டு ஆட்டங்களை வென்றவருக்கே போட்டியில் வெற்றி. மொத்தம் 21 வரை இருப்பவருக்குத்தான் ரெட்டின் 3 புள்ளி சேரும். 22 ஆகிவிட்டால் சேராது. 22-இல் இருப்பவர் ரெட்டோடு சுற்றை வென்றும் எதிராளிக்கு இரண்டு காய்களே மிச்சமிருந்தால், அவர் 24-இல் நிற்பார். இன்னொரு சுற்று ஆடியே தீர வேண்டும்.