ராக்கெட் கிளம்பிவிட்டது என்று சர்க்யூட்டுக்கு எப்படித் தெரியும்?

தண்ணீர் ராக்கெட் கிளம்பிய கணத்தில்தான் பாராசூட் டைமர் ஓடத் தொடங்கணும். நான் முதலில் அசைவை அளக்கும் எம்பியூ-6050 சென்சாரை நம்பினேன். பம்பு அடிக்கும்போது தம்பி ஸ்டாண்டில் இடறினான். அந்த அதிர்வையே சென்சார் கிளம்பல் என்று எடுத்துக்கொள்ள, தரையிலேயே பாராசூட் விரிந்துவிட்டது!

இப்போது வெறும் ஒயர்தான். அர்டுயினோ நானோ என்ற சின்ன கண்ட்ரோலர் போர்டின் டி2 பின் (pin), கிரவுண்டு பின் இரண்டிலும் பெண் ஹெடர் (ஒயர் செருகும் துளை) வைத்து, மெல்லிய ஒயரை 'ப' மாதிரி வளைத்துச் செருகுங்கள். சாலிடர் வேண்டாம். ஒயரின் நடுவில் நூல் கட்டி, லாஞ்சரில் முடிச்சுப் போடுங்கள். ராக்கெட் எழும்பினதும் ஒயர் உருவிக்கொள்ளும்; அதுவரை கிரவுண்டோடு சேர்ந்து 'லோ'வில் (0 வோல்ட்) இருந்த டி2 'ஹை' (5 வோல்ட்) ஆகும்.

டி2-வை 'ஹை'க்கு இழுக்க நானோவுக்குள்ளேயே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம்; அதன் இழுப்பு பலவீனம். அதனால் ஹெடரில் தண்ணீர் தெறித்தால் டி2 'லோ'விலேயே ஒட்டிக்கொள்ளலாம். டி2-வுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டுவிடுங்கள். சென்சார்தான் வேண்டுமென்றால் அதன் ரேஞ்சை (அளக்கக்கூடிய உச்ச முடுக்கத்தை) 16 ஜி-க்கு, அதாவது புவியீர்ப்பைப் போல 16 மடங்குக்கு, மாற்றுங்கள். ஆன் ஆகும்போது அது 2 ஜி-யில்தான் இருக்கும்.