மலைவீட்டில் ஒலிப்பதிவு: தொடங்கும் முன் அறிய வேண்டிய சொற்கள்

கோத்தகிரியிலோ குன்னூரிலோ தம் வீட்டுப் பாட்டி பாடும் படுகப் பாடல்களைப் பதிவு செய்து வைக்க விரும்புகிறவர், மைக் வாங்குவதற்கு முன்பே சில சொற்களைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பதிவின்போது கெட்டுப்போன சில ஒலிகளைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது.

மைக்கிலிருந்து வரும் மின்னலையைக் கருவி நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. அந்த எண்ணிக்கையே சாம்பிள் ரேட்: ஆடியோ சிடிக்கு 44,100, காணொளிக்குப் பெரும்பாலும் 48,000. நம் செவிக்கு எட்டுவது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். ஓர் அதிர்வெண்ணைப் பிடிக்க அதன் இருமடங்குக்குச் சற்று மேல் அளந்தால் போதும் என்பதால், 48,000-க்கு மேல் போக வேண்டிய தேவை இல்லை. ஒவ்வோர் அளவும் எத்தனை நுணுக்கமாக எழுதப்படுகிறது என்பது பிட் டெப்த். இதில் 16-ஐ விட்டு 24-ஐத் தேர்ந்தெடுங்கள். காரணம் அடுத்து வருகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது கெயின். மைக்கின் மெல்லிய மின்னலையைப் பதிவாகும் முன் பெருக்கிக் கொடுப்பது கெயின். பதிவானதை நாம் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறோம் என்பது வால்யூம். ஹெட்போனில் சத்தம் போதவில்லை என்று கெயினைத் திருகுவதுதான் புதியவர்கள் பலரும் செய்யும் தவறு. பதிவாகும் அளவைக் காட்டும் மீட்டரில் 0 டெசிபல் என்பது உச்சவரம்பு. அதைத் தாண்டும் அலையின் முகடுகள் தட்டையாக வெட்டுப்பட்டு, குரல் கரகரத்துவிடும். இதற்குப் பெயர் கிளிப்பிங். எனவே பாடலின் உரத்த அடியைப் பாடச் சொல்லி, மீட்டர் −12-ஐ ஒட்டி நிற்குமாறு கெயினை வையுங்கள். சோதனைக்குப் பாடும்போது கூச்சத்தில் தணிந்து ஒலிக்கும் குரல், மூன்றாவது பாட்டில் தானாகவே உயர்ந்துவிடும். −12-க்கும் 0-க்கும் இடையே விடும் இடம் அதற்காகத்தான். 24 பிட்டில் பதிவானது சற்றுத் தணிந்திருந்தாலும், பின்னர் உயர்த்தும்போது கருவியின் இரைச்சல் பெரிதாகத் தெரியாது.

தகரக் கூரையில் மழை விழும் நேரத்தில் பதிவு வேண்டாம்; அந்த ஓசை குரலின் அதிர்வெண்கள் முழுவதிலும் பரவி நிற்பதால் பிரித்தெடுப்பது கடினம். வெளியே பதிவு செய்தால் மைக்குக்குக் காற்றுறை போட்டு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைக் குறைக்கும் ‘லோ கட்’ வசதியை இயக்குங்கள். மூடுபனி நாள்களில் ஈரம் புகுந்த, நுண்ணொலிகளையும் பிடிக்கும் கண்டென்சர் வகை மைக் படபடவென்று பொரியும் என்பதால், அதைச் சிலிக்கா ஜெல் பையுடன் இறுக மூடிய டப்பாவில் வைப்பது அவசியம்.

பாடல் தொடங்கும் முன் யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். அறையின் இயல்பான அந்த ஒலிக்கு ரூம் டோன் என்று பெயர். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில், இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு முதலில் இதைத்தான் மாதிரியாகக் காட்ட வேண்டும். அளவோடு பயன்படுத்துங்கள், மிகுந்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். வெட்டிய இடங்களில் ஒலியை மெல்ல ஏற்றி இறக்கும் சிறு ஃபேட் கொடுத்தால் டக்கென்ற ஒலி எழாது. உச்ச அளவைச் சீராக்கும் நார்மலைஸ் கடைசி வேலை.

மூலப்பதிவைச் சுருக்கப்படாத வேவ் (WAV) கோப்பாகவே வைத்திருங்கள். 24 பிட், 48,000, மோனோ (ஒற்றைத் தடம்) என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 எம்பி ஆகும். எம்பி3 வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும். திருத்துவதெல்லாம் நகலில்தான், மூலத்தை இரண்டு இடங்களில் சேமித்து, கோப்பின் பெயரிலேயே பாடியவர், ஊர், நாள் மூன்றையும் எழுதிவிடுங்கள்.