பிள்ளை பாடசாலைக்குப் போகாத நாட்கள்: பெற்றோர் விடும் பிழைகள்

"எங்கள் பிள்ளை ஒழுங்காகப் போகிறது, இடைக்கிடைதான் நிற்கும்." கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பல வீடுகளில் இதே பேச்சுத்தான். காய்ச்சலில் ஒரு கிழமை படுத்தால் பதறுகிறோம். மழை, கலியாண வீடு, ஊர்ப் பயணம் என்று உதிரியாகப் போகும் நாட்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு 200 பாடசாலை நாட்கள் என்று வைத்தால், மாதத்துக்கு 2 நாள் நின்றாலே பத்தில் ஒரு பங்கு போய்விடும். பல நாடுகளில் கல்வித்துறையினர் கவலைப்படத் தொடங்கும் எல்லையே அதுதான்.

காலையில் "வயிறு நோகிறது" என்று பிள்ளை சுருண்டு படுத்தால், பொய் என்று அதட்டுவதும் பிழை, காரணம் கேட்காமல் படுக்க விடுவதும் பிழை. வைத்தியரிடம் காட்டுங்கள். கூடவே, நின்ற நாட்களை நாட்காட்டியில் வட்டமிட்டு, பக்கத்தில் நேரசூசியை வைத்துப் பாருங்கள். வட்டங்கள் எல்லாம் புதன்கிழமையிலேயே விழுந்திருந்தால், அன்று என்ன பாடம், யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று ஆறுதலாகக் கேளுங்கள். கணிதம் விளங்காமல் இருக்கலாம். பாடசாலை வான் வண்டியில் பெரிய பையன் ஒருவன் சீண்டலாம். மகளுக்கு மாதவிடாய் நாட்களில் பாடசாலை மலசலகூடத்தில் தண்ணீர் இல்லாமல் இருக்கலாம். பயத்தில் வரும் நோவும் நோவுதான், பிள்ளை நடிக்கவில்லை.

உயர்தரப் பிள்ளைகளை டியூஷனுக்காகப் பாடசாலையிலிருந்து மறிப்பது கொழும்பில் வழக்கமாகவே ஆகிவிட்டது. உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்கு 80 வீத வரவு வேண்டும் என்ற விதி கடைசித் தவணையில்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது.

எனக்கு மிகவும் மனம் நோவது இன்னொன்று. வான் காசு கட்ட முடியாத மாதத்தில் "காய்ச்சல்" என்று கடிதம் எழுதி அனுப்புகிறார்கள். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? வகுப்பாசிரியரிடம் உள்ளதைச் சொன்னால் வேறு வழி பார்க்கலாம். இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் மாணவர் பருவச்சீட்டு இருக்கிறது. காய்ச்சல் என்று எழுதினால் ஆசிரியர் காய்ச்சலுக்குத்தான் ஆறுதல் சொல்வார்.

நின்ற பிள்ளையை வெறுங்கையோடு திரும்ப அனுப்பவும் வேண்டாம். எழுதாத வீட்டுவேலைக்குப் பயந்தே அடுத்த நாளும் நிற்கும் பிள்ளைகள் உண்டு. அன்று மாலையே கூடப் படிக்கும் பிள்ளையிடம் கொப்பியை வாங்கிக் கொடுங்கள். எழுதி முடியாவிட்டால் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.